மை வைத்த விரல்

“ஏன் எப்பப் பாத்தாலும் கையப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கிற? அதுல அப்படி என்னா வச்சிருக்க?”

மூன்றாம் படிவத்தில் வகுப்பாசிரியை சாந்தினியைக் கேட்ட கேள்வி அது. சாந்தினி கையை இன்னும் பின்னால் இழுத்துக்கொண்டாள். கையில் ஒன்றும் இல்லை. பள்ளி விட்டதும் அம்மாவோடு சலவைக்கூடத்துக்குப் போய் ஈரத் துணி பிரிக்கிற கை. வெளுப்பு மருந்து பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, வேகவைத்த கிழங்கு மாதிரி இருக்கும். அதைக் காட்டக் கூச்சம். அடுத்த வருடம் அவள் பள்ளிக்கூடத்திலேயே இல்லை.

இப்போது இருபது வயது. கை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அதே கைதான், யாரும் யாரையும் கேட்பதில்லை.

டத்தோ கெராமாட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தின் கடைசியில் இருந்தது அந்தச் சலவைக்கூடம். ஜார்ஜ்டவுனில் பாதி ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் தலையணை உறையும் அங்கேதான் வந்து சேரும். சாந்தினியின் அப்பா சின்னையா லோரி ஓட்டி அவற்றை அள்ளி வருவார். அம்மா வள்ளியம்மாவுக்கு உருளை வேலை. ஆவி ஓடும் இரண்டு பெரிய இரும்பு உருளைக்கு நடுவே ஈர விரிப்பின் முனையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அது மறுபக்கம் அப்பளம் மாதிரி காய்ந்து வரும். அங்கே நிற்பது அடுப்பில் ஏறிய சட்டியின் விளிம்பில் நிற்பதற்குச் சமம். வெளியே மழை கொட்டினாலும் உள்ளே முதுகில் வியர்வை கோடு போட்டு இறங்கும்.

சாந்தினிக்குக் கறை மேசை. உதட்டுச் சாயம், குழம்பு, ரத்தம், காப்பி என்று ஒவ்வொரு கறைக்கும் ஒரு புட்டி. அதில் துரு மருந்து மட்டும் பூட்டிய அலமாரியில் இருக்கும். துணி தள்ளும் இரும்பு வண்டியில் துரு ஏறி, வெள்ளை விரிப்பில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். துரு மருந்தை ஒரு சொட்டு விட்டால் போதும், அந்தப் புள்ளி கண் முன்னாலேயே கரைந்து காணாமல் போகும். புட்டியில் மண்டை ஓட்டுப் படம் உண்டு. “கையுறை போட்டுக்கோ புள்ள” என்று சூப்பர்வைசர் பக்கிரிசாமி தினமும் சொல்லிவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார். கையுறையில் இரண்டு விரல் கிழிந்திருக்கும். அதையும் அவர்தான் கொடுப்பார்.

கூடத்தின் பின்னால் ஜிங் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள். தோட்டமும் இல்லை, ரப்பர் மரமும் இல்லை, ஆனாலும் அதற்குப் பெயர் லயம்தான். வாடகை கிடையாது. வேலை இருக்கிறவரை வீடு. வேலை போனால் அன்றைக்கே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்க வேண்டியதுதான். இந்தத் தீவில் அவர்கள் வாங்குகிற சம்பளத்துக்கு வேறு கூரை கிடைக்காது என்பது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

தேர்தலுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி புவனேஸ்வரன் வந்தார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷன். எல்லோருக்கும் அவரிடம் பயம் அதனால்தான். இயந்திரங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, மடித்து வைத்த துண்டுகளைத் தடவிக்கொண்டே பேசினார்.

“நாளைக்கு எலக்‌ஷன். என் மச்சான் நிக்கிறாரு, ஒங்களுக்குத் தெரியும். அவருக்குப் போடுங்கன்னு நான் கேக்கல. கேட்டா தப்பு. லோங்காங் அடைச்சு வீட்டுக்குள்ள சாக்கடத் தண்ணி வந்ததுலேருந்து அவர் மேல ஒங்களுக்கு எவ்வளவு கோவம்னு எனக்குத் தெரியாதா?” சிரித்தார். மற்றவர்களும் சிரிக்க வேண்டியிருந்தது. “அதனால நாளைக்கு முழு நாள் வேலை. டபுள் சம்பளம். மத்தியானம் எல்லாருக்கும் நாசி கண்டார் சோறு, என் செலவு. யாரையும் தடுக்க மாட்டேன். இது சுதந்திர நாடு லா. ஓட்டு ஒங்க உரிமை. வீடு என் உரிமை. திங்கக்கிழம காலையில வந்து எல்லாரோட விரலையும் பாப்பேன். அவ்வளவுதான்.”

அவர் கார் சந்து முனையைத் தாண்டியது. பிறகு துண்டு மடிக்கிற சலேஹா இடது கையை நீட்டி, விரலை ஒயிலாக வளைத்துக் காட்டினாள்.

“நம்ம விரலப் பாக்கணுமாம். கூடவே ஒரு மோதிரமும் கொண்டாந்தா நல்லாருக்கும்.”

“ஒனக்கு மோதிரம் போட்டா அவர் பொண்டாட்டி ஒன் விரலையே வெட்டிடும். போ, துண்ட மடி” என்றார் பக்கிரிசாமி. அவரும் சிரித்தார். ஆனால் சிரிக்கும்போதே எல்லார் முகத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

அன்று வீட்டில் நெத்திலி சம்பலும் கங்கோங் கீரையும். மழை வருகிற புழுக்கம். சின்னையா சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு மத்தியானம் நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றேன்” என்றாள் வள்ளியம்மா.

“எங்க?”

“ஓட்டுக்கு.”

சின்னையாவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. “அவர் சொன்னது காதுல விழலியா?”

“விழுந்துச்சு.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னா. போறேன்.”

“வள்ளி, எனக்கு வயசு ஐம்பத்தெட்டு. இந்த லோரிய விட்டா எனக்கு எவன் லோரி குடுப்பான்? ஓட்டுப் போட்டு நான் என்னாத்தக் கண்டேன், நீ காணப்போற?”

“நீங்க கண்டீங்களோ இல்லியோ, போட்டீங்கள்ல. ஒவ்வொரு தடவையும் நீங்க உள்ள போவீங்க. நான் ஸ்கூல் கேட்டுக்கு வெளிய நிப்பேன். உள்ள ஒவ்வொருத்தர் பேரையும் சத்தமாப் படிப்பாங்க, வெளிய வரைக்கும் கேக்கும். எம்பேர ஒருக்கா அப்படிப் படிக்கணும்.”

“பேரப் படிச்சா வயிறு ரொம்பிடுமா?”

“ஒங்களுக்குப் படிச்சுப் படிச்சு சலிச்சுப்போச்சு. எனக்கு இன்னும் சலிக்கல.”

சின்னையா தட்டைத் தள்ளி வைத்தார். வள்ளியம்மா கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பிறந்ததை யாரும் போய்ப் பதியவில்லை. தாய்க்காரி சீக்கிரம் செத்துப்போக, தகப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வளர்ந்து ஆளானதும் அடையாள அட்டை என்று கையில் கிடைத்தது சிவப்பு ஐசி. இந்த மண்ணை விட்டு ஒருநாள்கூட வெளியே போகாதவளை, எங்கிருந்தோ வந்து தங்கினவள் என்று சொல்லும் அட்டை. அதை வைத்துக்கொண்டு ஏறாத அலுவலகம் இல்லை. எங்கே போனாலும் அடுத்த மாதம் வா, தோட்டத்து ஆள் யாரையாவது சாட்சிக்குக் கூட்டி வா. அந்தத் தோட்டமே வீடமைப்புப் பகுதியாகி, சாட்சி சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, மூன்று வருடத்துக்கு முன்புதான் குடியுரிமைக்கான நீல ஐசி வந்தது. அன்று வள்ளியம்மா தண்ணீர்மலைக்கு நடந்தே போய், அத்தனை படியும் ஏறி, முருகன் முன்னால் அந்த அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு வந்தாள்.

“நீ வர்றியாடி?” என்று மகளைக் கேட்டாள். பதினெட்டு தாண்டிவிட்டதால் சாந்தினிக்கும் ஓட்டு இருந்தது.

சாந்தினி தட்டைப் பார்த்தாள். “பயமா இருக்குமா.”

“சரி. நீ இரு.”

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். அதுதான் சாந்தினிக்கு என்னமோ மாதிரி இருந்தது.

மறுநாள் மத்தியானம் சந்து முனையில் நாசி கண்டார் கடை வைத்திருக்கும் நூர் முகம்மதுவின் மனைவி ரோஹானா, சோற்றுப் பொட்டலங்களை மோட்டர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினாள். மீன் தலைக் குழம்பின் வாசனை வெளுப்பு மருந்தின் நெடியை ஒரு நிமிஷம் தோற்கடித்தது. எல்லோரும் பொட்டலத்தைச் சுற்றி நின்ற நேரத்தில் வள்ளியம்மா தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ரோஹானாவின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சாந்தினி அம்மாவின் இடத்தில் போய் நின்று விரிப்பை உருளைக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். வாசலைப் பார்த்துக்கொண்டே கொடுத்ததில் ஒரு விரிப்பு கோணலாகப் போய்ச் சுருண்டது.

“அம்மா எங்க?” பக்கிரிசாமி கையில் சோற்றோடு வந்தார்.

“வயித்து வலி மாமா. வீட்டுக்குப் போயிருக்கு.”

“சாப்பிடுறதுக்கு முன்னாடியே வயித்து வலியா?” அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். “சரி சரி. விரிப்பப் பாத்துக் குடு. கையையும் சேத்துக் குடுத்துடாத.”

மழை பிடித்துக்கொண்டது. ஜிங் கூரையில் அது விழுகிற சத்தத்தில் மோட்டர் வந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. வள்ளியம்மா நனைந்த துண்டை இடது கையில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் முகத்தை சாந்தினி அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

“படிச்சாங்கடி” என்றாள் மெதுவாக. “வள்ளியம்மா, அனாக் பெரெம்புவான் முனியாண்டின்னு. முனியாண்டியோட பொண்ணுன்னு, எங்கப்பா பேரையும் சேத்து. ஒரு மலாய்க்காரப் பையன்தான் படிச்சான். ஒரு எழுத்துத் தப்பில்ல.”

“விரலக் காட்டுமா.”

துண்டை விலக்கினாள். ஆள்காட்டி விரலின் நகமும் அதைச் சுற்றின தோலும் கருநீலம். ஒரு பொட்டளவு மை என்று நினைத்திருந்தாள் சாந்தினி. விரலின் பாதி வரைக்கும் இறங்கியிருந்தது. அவள் அவசரமாகத் துண்டை இழுத்து அதை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வீட்டில் அந்த ஒரு விரல்தான் பேச்சு.

காலையில் எலுமிச்சை. பிறகு புளி, உப்பு. தேங்காய் எண்ணெய் தேய்த்து, பாத்திரம் விளக்குகிற நார் போட்டு உரசியதில் தோல் சிவந்ததே தவிர மை அசையவில்லை. சின்னையா கூடத்திலிருந்து வெளுப்பு மருந்து கொண்டுவந்தார். அதில் விரலை முக்கியதும் கருநீலம் இன்னும் கறுத்துப்போய், கரி பூசின மாதிரி ஆனது.

“பாத்தியா, பாத்தியா” என்றார் சின்னையா. கத்த முடியாததால் அவர் குரல் சீறியது. பக்கத்து வீட்டுச் சுவர் பலகைதான். “நான் தலதலயா அடிச்சுக்கிட்டேன். பேரப் படிக்கணுமாம். நாளைக்கு அவர் படிப்பாரு பாரு, மூணு பேர் பேரையும். படிச்சுட்டு வெளிய தூக்கி வீசுவாரு.”

வள்ளியம்மா விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றைய முகம் இல்லை அது.

ரோஹானா பின்வாசல் வழியாக வந்தாள். “இனாய் அரைச்சுக் கொண்டாரவா அக்கா? பத்து விரலுக்கும் போட்டுக்குங்க. செவப்புக்குள்ள மை தெரியாது. எங்க கல்யாணத்துல போடுறதுதானே.”

“இங்க யாருக்குக் கல்யாணம்னு கேட்டா?” என்றார் சின்னையா.

“ஒங்களுக்கு ரெண்டாவதுன்னு சொல்லுங்க அண்ணே.”

வள்ளியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னையாவுக்கு வரவில்லை. “அந்தாள் முட்டாள் இல்லம்மா. மை இருந்த விரல்லதான் மருதாணி இருக்கும்னு அவருக்குத் தெரியாதா?”

“அதுவும் சரிதான்” என்று ரோஹானா சுவரில் சாய்ந்தாள். “என்னாலதான் அக்கா. நான்தான் ஏத்திக்கிட்டுப் போனேன்.”

“நீ என்னா என்னத் தூக்கிக்கிட்டா போன? நானாத்தான் ஏறுனேன்.”

ரோஹானா கடைக்குத் திரும்பிப் போனாள். கறை என்றால் சாந்தினிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். எலுமிச்சைக்கும் வெளுப்பு மருந்துக்கும் போகாத கறை அவள் மேசைக்குத் தினமும் வரும். எதற்கும் போகாதது கடைசியில் எதற்குப் போகும் என்றும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் சில பேருக்கு மட்டும் அரை நாள் வேலை. பக்கிரிசாமி வர மாட்டார் என்பதால் அலமாரி திறந்தே கிடக்கும். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் கண் மருந்துக் குப்பி ஒன்று இருந்தது. அதன் அடியில் கொஞ்சம் தண்ணீர் போல ஏதோ.

“என்னாது அது?” என்றார் சின்னையா.

“துரு மருந்து.”

“கையில படலாமா அது?”

“துணியவே ஒண்ணும் பண்ணாதுப்பா. கறைய மட்டும்தான் எடுக்கும்.”

பஞ்சில் ஒரு சொட்டு நனைத்து அம்மாவின் விரலில் வைத்தாள்.

“எரியுதாமா?”

“இல்லடி. சில்லுன்னு இருக்கு.”

கறுப்பு மெல்லச் சாம்பலானது. சாம்பல் வெளுத்தது. மூவரும் அந்த விரலின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நகத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று மிச்சம் இருக்க, சாந்தினி இன்னொரு பஞ்சை நன்றாக நனைத்து விரலைச் சுற்றிக் கட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவிழ்த்தபோது அந்தக் கீற்றும் மங்கியிருந்தது. விரல் வெள்ளை வெளேரென்று, மை பார்த்தே அறியாத விரல் மாதிரி இருந்தது.

“கெட்டிக்காரி” என்றார் சின்னையா. அவரே எழுந்து போய் மூன்று பேருக்கும் மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். மறுநாள் கறி எடுக்கலாமா என்றுகூடக் கேட்டார்.

விடிவதற்கு முன் முனகல் கேட்டு சாந்தினி விழித்தாள். வள்ளியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“உள்ளுக்குள்ள யாரோ ஊசியால குத்துற மாதிரி இருக்குடி. எலும்புல.”

விளக்கைப் போட்டாள். விரல் வீங்கி, மெழுகு மாதிரி வெளிறி, நகத்தின் அடியில் சாம்பல் நிறம் படர்ந்திருந்தது. தண்ணீர் ஊற்றினார்கள். பற்பசை தடவித் துணி சுற்றினார்கள். வலி ஏறிக்கொண்டே போனது.

“ரோலர்ல சுட்டுக்கிட்டேன்னு சொல்லு” என்றார் சின்னையா. அவர் உதடு வறண்டிருந்தது. “ரெண்டு பேரும் அதையே சொல்லுங்க. வேற ஒரு வார்த்த வரக்கூடாது.”

காலையில் கூடத்தின் வாசலில் வரிசை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. புவனேஸ்வரன் ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தொடக்கூட இல்லை. எல்லோரும் இடது கையை நீட்டினார்கள், ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி. சலேஹா அன்று எந்த வேடிக்கையும் பேசவில்லை.

சாந்தினியின் விரலைப் பார்த்து, “நல்ல புள்ள” என்றார்.

அந்த இரண்டு வார்த்தை அவள் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதற்குள் அவர் வள்ளியம்மாவின் முன்னால் போய் நின்றுவிட்டார்.

“இது என்னா கட்டு?”

“ரோலர்ல பட்டுடுச்சு பாஸ்.”

“எப்ப?”

“சனிக்கிழம.”

“அவுத்துக் காட்டுங்க.”

வள்ளியம்மா துணியை அவிழ்த்தாள். கடைசிச் சுற்று தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புவனேஸ்வரன் ஒரு அடி பின்னால் போனார்.

“ஆஸ்பத்திரிக்குப் போகலியா?” குரல் அதே மெதுவாகத்தான். “போகணும்மா. என் கம்பெனியில ஒருத்தருக்கு இப்படி ஆச்சுன்னா நான் பாத்துக்கிட்டு இருப்பேனா? பக்கிரி, வேன எடு. அக்காவக் கூட்டிட்டுப் போ.” பிறகு பக்கிரிசாமியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார். சாந்தினிக்குக் கேட்டது. “டாக்டர் இத என்னான்னு சொல்றாங்கன்னு கூடவே இருந்து கேட்டுட்டு வா. ரோலர் சூடுன்னா பாவம், லீவு குடுப்போம். வேற எதையாவது போட்டுத் தேச்சிருந்தாங்கன்னா, சாயங்காலத்துக்குள்ள வீடு காலியாகணும்.”

சின்னையா லோரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஹோட்டல் நடைக்கு நேரமாகிவிட்டது. வேன் கிளம்பும்போது ஜன்னலோரம் வந்து, அம்மாவோடு ஏறியிருந்த மகளின் தோளைத் தொட்டார். “ரோலர்” என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

வேனுக்குள் ஈரத் துணியின் புளித்த வாடை. பக்கிரிசாமி ஒரு கடையோரம் நிறுத்தி, வள்ளியம்மாவுக்குத் தே தாரிக் வாங்கி வந்து கொடுத்தார்.

“குடிங்க அக்கா. வெறும் வயித்துல போனா மயக்கம் வந்துடும்.”

“வேணாம்பா. முடியல.”

“கொஞ்சம் குடிங்க.” வண்டியை எடுத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். “எனக்கு எதுவும் தெரிய வேணாம் அக்கா. சத்தியமா வேணாம். என்னா நடந்துச்சுன்னு சொல்லவும் வேணாம். நானும் அந்த லயத்துலதான் இருக்கேன். என் வீட்டுக்காரி மாசமா இருக்கு. அங்க போயி ரோலர்னு சொல்லுங்க, நானும் ரோலர்னு வந்து சொல்லிட்டுப் படுத்துத் தூங்குறேன். எங்காதுல வேற எதையும் போட்டுடாதீங்க. போட்டா என்னால மறைக்க முடியாது. அவர் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல எனக்கு வராது.”

“தெரியும் தம்பி” என்றாள் வள்ளியம்மா. பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கூட்டம். ஆனால் விரலைப் பார்த்ததும் அவர்களை உள்ளே விட்டார்கள். டாக்டர் ஐனா சின்ன வயதுப் பெண். தூக்கமில்லாத கண். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எப்படி ஆச்சு?” மலாயில் கேட்டாள்.

“ரோலர் டாக்டர். துணி காய வைக்கிறது. ஆவி” என்று பக்கிரிசாமி முந்திக்கொண்டார். அவர் வள்ளியம்மாவின் கைப்பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

டாக்டர் நிமிரவில்லை. “சூடு பட்டால் கொப்புளம் வரும். இது அப்படி இல்லை. மேலே இவ்வளவுதான் தெரிகிறது, ஆனால் வலி இவ்வளவு. உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏதாவது மருந்து பட்டதா அம்மா? அமிலம் மாதிரி?”

“இல்ல” என்றாள் வள்ளியம்மா. “ரோலர்தான்.”

“அம்மா, கேளுங்கள். சில அமிலம் எலும்பு வரைக்கும் போகும். உடம்புக்குள்ளேயும் போகும். என்னவென்று தெரிந்தால் அதற்கு மாற்று மருந்து இங்கேயே இருக்கிறது, இப்போதே போடலாம். தெரியாமல் நான் எதைப் போடுவது? இன்னும் தாமதமானால் விரலை எடுக்க வேண்டி வரலாம்.”

வள்ளியம்மாவின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. அவள் மகளைப் பார்த்தாள். சொல்லாதே என்கிற பார்வை. ஒரு விரல்தானே, போனால் போகட்டும், ஒன்பது விரலை வைத்துக்கொண்டும் விரிப்புப் பிடிக்கலாம், கூரை இல்லாமல் என்ன செய்ய முடியும் என்று கணக்குப் போட்டு முடித்துவிட்ட பார்வை அது. சாந்தினிக்கு அது நன்றாகப் புரிந்தது. அந்தக் கணக்கு சரி என்றும் தோன்றியது. அப்பாவின் வறண்ட உதடு, ரோலர் என்ற அந்த ஒரு சொல், லயத்துக் கதவு, அரிசி டின், தேங்கிய சாக்கடையைத் தாண்டப் போட்டிருக்கும் பலகை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக அவள் கண் முன்னால் வந்தன. காதுக்குள் உருளை ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல்.

வள்ளியம்மா வலி தாங்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். ஒரு சத்தம் வந்தது. பிரசவ அறையில் கேட்கிற மாதிரி, அடி வயிற்றிலிருந்து.

“ஊபாட் காரட்” என்றாள் சாந்தினி.

அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். டாக்டர், “என்ன?” என்று திரும்பினாள்.

“துரு மருந்து, டாக்டர். ரோலர் இல்ல. துணியில துரு எடுக்கிற மருந்து. புட்டியில மண்டை ஓடு போட்டிருக்கும். நான்தான் எடுத்துட்டு வந்தேன். நான்தான் பஞ்சுல நனைச்சுக் கட்டுனேன். நேத்து சாயங்காலம்.” அவள் மலாய் தட்டுத் தடுமாறியது. ஆனால் நிற்கவில்லை. “அம்மாவுக்குத் தெரியாது. நான்தான்.”

டாக்டர் அதற்குள் எழுந்து நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ களிம்பின் பெயரைச் சொல்லிவிட்டாள். நர்ஸ் ஓடினாள். யாரோ வள்ளியம்மாவின் நெஞ்சில் ஒயர்களை ஒட்ட வந்தார்கள். திரை இழுபட்டது. டாக்டர் விரலில் களிம்பை அழுத்தித் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

“துணிக்குப் போடுகிற மருந்தை விரலில் ஏன் போட்டீர்கள்?”

சாந்தினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பக்கிரிசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணை இறுக்கி மூடினார். அவர் காதையும் மூடிக்கொள்ள ஆசைப்படுவது போல இருந்தது. ஆனால் ஒரு கையில் கைப்பை, இன்னொன்றில் குடையும் வேன் சாவியும்.

வள்ளியம்மா தலையணையில் தலையைச் சாய்த்தாள். மூச்சு வாங்கியது. மகளைப் பார்த்தாள், பிறகு பக்கிரிசாமியைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கணக்கு கலைந்துவிட்டது.

“மைய எடுக்க” என்றாள். “சனிக்கிழம நான் ஓட்டுப் போட்டேன் டாக்டர். மொத தடவ.”

டாக்டரின் கை ஒரு கணம் நின்றது. அவள் சட்டைக் கையிலிருந்து நீண்டிருந்த இடது கை விரலிலும் அதே கருநீலம் இருந்தது. அதை அவள் பார்த்தாள், வள்ளியம்மாவின் விரலைப் பார்த்தாள். என்ன கேட்பது என்று தெரியாத முகம். பிறகு குனிந்து மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

பக்கிரிசாமி கைப்பையை நாற்காலியில் வைத்தார். சரிந்தது. எடுத்து நிமிர்த்தி வைத்தார். குடையையும் அதன் பக்கத்தில் சாய்த்தார்.

“மாமா” என்றாள் சாந்தினி.

அவர் அவளைப் பார்க்கவில்லை. சட்டைப் பைக்குள் வேன் சாவியைத் தேடினார், அது கையிலேயே இருந்தது. திரையை விலக்கிக்கொண்டு, வரிசையாக நிற்கிற ஆட்களுக்கு நடுவே வழி பிடித்து, வெளியே வேனுக்கு நடந்தார். கூடத்தில் முதலாளி அவருக்காகக் காத்திருப்பார்.